ஆறு ஆபீசுக்கு ஒரு சாய்தளம்

உட்காருங்க சார், இந்தப் பக்கம் நிழல் இருக்கு. என்னைப் பாத்து ஒதுங்க வேணாம், கால்ல மாவுக்கட்டுதான், ஒட்டுற நோய் ஒண்ணும் இல்ல. வீட்டுல துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கிருச்சு. எலும்பு கூடுற வரைக்கும் காலைத் தரையில ஊனவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்.

நீங்க? ஓ, மச்சான் பத்திரம் பதிய பத்திர ஆபீசுக்குள்ள போயிருக்காரா. அப்ப சாயங்காலம் வரைக்கும் உங்களுக்குக் கவலையில்ல, அங்க சர்வர் தூங்கி எந்திரிச்சு வரணும். சும்மா சொல்லக்கூடாது சார், வெள்ளைச் சட்டையும் பையில பேனாவுமா நீங்க கேட்டுக்குள்ள நுழைஞ்சப்ப, யாரோ அதிகாரி வர்றாருன்னு நான் வீல்சேர்லயே நிமிந்து உட்கார்ந்துட்டேன். பழக்கம் விடமாட்டேங்குது.

என் பேரு தெய்வசிகாமணி. இந்தா தெரியுதே, இந்தச் சார்கருவூலம், இதுல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். இன்னைக்கு நேர்காணலுக்குக் கடைசி நாள். பென்ஷன் வாங்குறவன் வருஷத்துக்கு ஒரு தடவை நேர்ல வந்து, உசுரோடதான் இருக்கேன்னு முகத்தைக் காட்டணும். காட்டலைன்னா அடுத்த மாசம் பென்ஷன் நின்னுரும். நான் உசுரோட இருக்கேனா இல்லையா, நீங்களே பாக்குறீங்க. ஆனா இந்தப் படிக்கட்டுக்கு மேல போனாத்தான் உசுரோட இருக்கேன்னு அர்த்தம். கீழ உட்கார்ந்து என்னதான் கத்தினாலும் கணக்குல வராது.

காலையிலயே பியூன் ஆண்டியப்பன்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். இப்ப சூப்பிரண்டு சீட்ல இருக்கிறது பிரபாவதின்னு ஒரு பொண்ணு, நான் வேலை சொல்லிக் குடுத்த பொண்ணு. கொஞ்சம் கீழ இறங்கி வந்து என் முகத்தைப் பாத்துட்டுப் போம்மான்னு சொல்லி விட்டேன். அவ வாசல் வரைக்கும் வந்தா. மேல நின்னுக்கிட்டே ரொம்ப மரியாதையா ஒரு வார்த்தை சொன்னா.

"சார், சாய்தளம் இல்லாத ஆபீஸ்லதான் நாங்க கீழ இறங்கி வந்து பாக்கணும்னு உத்தரவு. நம்ம ஆபீஸ்லதான் சாய்தளம் இருக்கே."

சொல்லிட்டு உள்ள போயிட்டா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது. விதி அதுதான். சொல்லிக் குடுத்ததே நான்தான்.

என்ன சார் சுத்திமுத்திப் பாக்குறீங்க? சாய்தளத்தைத் தேடுறீங்களா? இங்க இல்ல. உள்ள இருக்கு. ஸ்ட்ராங் ரூமை ஒட்டின அறையில, துப்பாக்கி வச்ச போலீஸ்காரர் காவல்ல பத்திரமா இருக்கு. அங்க வைக்கச் சொன்னதும் நான்தான். சிரிக்காதீங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்க மச்சான் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

நான் ரிட்டயர் ஆகுறதுக்குக் கொஞ்சம் முந்தி மேலிடத்துலருந்து ஒரு உத்தரவு வந்துச்சு. எல்லாத் துறையிலயும் கண்காணிப்பைப் பலப்படுத்தப் போறாங்களாம். ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நடக்க முடியாதவங்க வண்டியோட ஏறிப் போகச் சாய்தளம் இருக்கணும், ஆய்வுக்கு ஆள் வரும், இல்லாத ஆபீஸ் பதில் சொல்லணும். கண்காணிப்புங்கிறது மழை மாதிரி சார். பெய்யும், பிறகு விட்டுரும். அந்த நேரத்துக்குக் குடை இருந்தாப் போதும், அதுக்காக யாராவது கூரையைப் பிரிச்சு மேய்வாங்களா? இதை நான் என் சர்வீஸ்ல எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன்.

இந்த வளாகத்துல மொத்தம் ஆறு ஆபீஸ். அந்தப் பக்கம் தாலுகா ஆபீஸ், அதை ஒட்டி வழங்கல், உங்க மச்சான் இருக்கிற பத்திர ஆபீஸ், வேளாண்மை, சமூகநலம், கடைசியா நாங்க. ஆறு ஆபீஸ்காரங்களும் டீக்கடையில கூடி நின்னு முழிக்கிறாங்க. சிமெண்ட்டுல கட்டணும்னா பொதுப்பணித்துறைக்கு எழுதணும். அவங்க மதிப்பீடு போடணும். மதிப்பீட்டுக்கு ஒப்புதல், ஒப்புதலுக்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். அதுக்குள்ள ஆய்வு வந்து போயிரும். நான் சொன்னேன், ஆறு ஆபீசுக்கு எதுக்குய்யா ஆறு சாய்தளம், ஆய்வு என்ன ஆறு ஆபீசுக்கும் ஒரே நாள்லயா வரப்போகுது, ஒவ்வொரு துறைக்கும் அவங்கவங்க அதிகாரிதானே வருவாங்க, வேற வேற நாளுதானேன்னு.

புரிஞ்சிருச்சுல்ல? நீங்க கெட்டிக்காரர்.

மரத்துலதான் செஞ்சோம். கோயில்ல சாமி வாகனத்துக்குச் சக்கரம் போடுற ஆசாரி ஒருத்தர் இருந்தாரு, அவரைப் பிடிச்சேன். அடியில சக்கரம், சக்கரம் தெரியாம இருக்க ரெண்டு பக்கமும் தகடு, பிடிச்சு நடக்கக் கைப்பிடி. மேல நல்ல மஞ்சள் பெயிண்ட். ஓரத்துல ரெண்டு பூந்தொட்டியை இழுத்து வச்சுட்டா, ஆபீஸ் கட்டினப்பவே கட்டினதுன்னு நீங்க சத்தியமே பண்ணுவீங்க. தள்ளினா சத்தமில்லாம வரும். சாமி வாகன ஆசாரின்னா சும்மாவா?

எந்த ஆபீசுக்கு ஆய்வோ, முந்தின நாள் சாயங்காலம் அந்த ஆபீஸ் வாசலுக்குப் பலகை போயிரும். நாங்க அதைப் பலகைன்னுதான் சொல்றது. ஆய்வு முடிஞ்சதும் எங்க ஆபீசுக்குத் திரும்பி வந்துரும். துறைகளுக்கு நடுவுல ஒருங்கிணைப்பு வேணும் வேணும்னு மேல இருக்கவங்க வருஷக்கணக்கா மேடை போட்டுப் பேசுறாங்க. நாங்க பேசல, செஞ்சு காட்டினோம். பேச்சுவார்த்தையே இல்லாம இருந்த வழங்கலும் வேளாண்மையும் இந்தப் பலகையைத் தள்ளித் தள்ளித்தான் சார் சம்பந்தி மாதிரி ஆனாங்க.

ஒரே ஒரு கண்டிஷன் வச்சிருந்தேன். ஆய்வு முடியற வரைக்கும் யாரும் அதை மிதிக்கக் கூடாது. ஆய்வு முடிஞ்சா உடனே உள்ள போயிரணும். மக்கள் ஏறி இறங்கினா பெயிண்ட் போயிரும்ல?

இதுல செம்பான்னு ஒரு பொண்ணு வருது. செண்பகவல்லி. சின்ன வயசுலயே போலியோ வந்து ரெண்டு காலும் விளங்காது. மூணு சக்கர வண்டியைக் கையாலயே சுத்திக்கிட்டு வரும். இந்த வளாகத்துக்குள்ளயே ஒரு ஜெராக்ஸ் கடை வைக்கணும்னு மனு. ஒரு கடைக்கு ஆறு ஆபீஸ்லயும் ஒவ்வொரு கையெழுத்து வேணும்ல, ஒவ்வொரு படிக்கட்டுக்குக் கீழயும் நின்னு குரல் குடுக்கும். யாராவது மனசு வந்தா இறங்கி வருவாங்க. இல்லைன்னா சாப்பாட்டு நேரம்பாங்க.

ஆண்டியப்பனும் இன்னொருத்தனும் ஒரு நாள், வாம்மா, ஒரு நாற்காலியில உட்கார வச்சு தூக்கிட்டுப் போயிருறோம்னு கூப்பிட்டானுங்க. மாட்டேன்னுருச்சு. என்னைத் தூக்குறதுக்கு நான் என்ன மூட்டையான்னு கேட்டுச்சு. எவ்வளவு வீம்பு பாருங்க. உதவின்னு வந்தா பேசாம வாங்கிக்கணும், அதுல என்ன கௌரவம் கெடக்கு?

அது ஒரு தடவை தாலுகா ஆபீஸ் வாசல்ல பலகை நிக்கிறதைப் பாத்து முகம் மலர்ந்து வந்துச்சு. நான் மறிச்சேன், ஆய்வு முடியட்டும்மான்னேன். ஆய்வு முடிஞ்சு வந்து பாத்தா பலகை இல்ல. அடுத்த வாரம் பத்திர ஆபீஸ்ல பாத்துருக்கு. என்கிட்ட வந்து, "சார், அடுத்தாப்புல எந்த ஆபீஸ்ல நிக்கும்னு சொல்லிட்டீங்கன்னா, அன்னைக்கு அங்க எனக்கு ஒரு வேலை வச்சுக்கிருவேன்"னுச்சு. வாய் ஜாஸ்தி சார் அதுக்கு. ஆனா பொண்ணு நல்ல பொண்ணு. இந்த வீல்சேரே அதோடதுதான், கேட்டதும் குடுத்துருச்சு.

இப்படி ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி நல்லாப் போயிட்டிருந்ததுல மண்ணள்ளிப் போட்டது எழிலரசி மேடம். கண்காணிப்பு அலுவலர்னு புதுசா ஒரு பதவி போட்டு அனுப்பியிருந்தாங்க. அந்தம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆறு ஆபீசுக்கும் ஒரே நாள் ஆய்வுன்னு சொல்லிட்டாங்க. இது என்ன சார் நியாயம்? துறைன்னா தனித்தனியாத்தானே இருக்கு? எல்லாத்தையும் ஒண்ணாப் பாத்தா அப்புறம் துறைன்னு எதுக்குப் பிரிச்சு வச்சாங்க?

ஆறு ஆபீஸ்காரங்களும் என் முகத்தைப் பாத்தாங்க. கலங்காதீங்கன்னேன். ஒவ்வொரு ஆபீஸ்லயும் வாசல்ல பலகையைப் பாப்பாங்க, உள்ள போவாங்க. உள்ள போனதும் பிடிச்சு உட்கார வைங்க. டீ குடுங்க, பஜ்ஜி குடுங்க, பொன்னாடை போடுங்க, குறைகளைச் சொல்லி அழுங்க. அதுக்குள்ள கட்டடத்துக்குப் பின்பக்கமாப் பலகை அடுத்த வாசலுக்குப் போயிரும்.

அன்னைக்கு மேடம் வந்தாங்க. தாலுகா ஆபீஸ் வாசல்ல சந்தனம் குங்குமம் தட்டோட வரவேற்பு. அந்தம்மா குங்குமத்தை எடுத்து நெத்தியில வச்சாங்க. வச்ச விரலைப் பலகையோட கைப்பிடியில ஒரு தடவு தடவினாங்க. ஒரு பொட்டு விழுந்துச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு சார். என்ன பக்தி பாருங்க, ஒரு சாய்தளத்துக்குக்கூடப் பொட்டு வைக்கிற மனசு எந்த அதிகாரிக்கு வரும்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொன்னேன்.

உள்ள டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பலகையை வழங்கல் வாசலுக்குத் தள்ளிட்டோம். அங்கயும் தட்டு, அங்கயும் குங்குமம். முதல் பொட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பொட்டு வச்சாங்க. அப்பத்தான் செம்பா வண்டியைச் சுத்திக்கிட்டு வந்து நின்னுச்சு. நான் கண்ணைக் காட்டினேன், போம்மா போம்மான்னு. மேடம் பாத்துட்டாங்க. "அந்தப் பொண்ணை ஏறிக் காட்டச் சொல்லுங்க"ன்னாங்க. வேற வழி? ஏறுச்சு. அந்தக் கைப்பிடியைப் பிடிச்சு மேல போய், வழங்கல் ஆபீசருக்கு நேரா வண்டியை நிறுத்தி மனுவை நீட்டிருச்சு. மேடம் நிக்கிறாங்கள்ல, உடனே கையெழுத்து.

அதோட விட்டுச்சா? நாங்க பின்பக்கமாப் பலகையைத் தள்ளிக்கிட்டு ஓடுறோம், அது வண்டியைச் சுத்திக்கிட்டுப் பின்னாடியே வருது. "சார், பலகை போற இடத்துக்கெல்லாம் நானும் வந்தா ஆறு ஆபீஸ் வேலையும் இன்னைக்கே முடிஞ்சிரும்ல?" ஆண்டியப்பன் சிரிப்பை அடக்க முடியாம சக்கரத்தைத் தன் கால்லயே ஏத்திக்கிட்டான்.

பத்திர ஆபீஸ்ல மூணாவது பொட்டு. வேளாண்மையில நாலாவது. அங்கதான் ஆண்டியப்பன் என் காதுல சொன்னான், சார் இது பக்தி மாதிரித் தெரியல, அம்மா எண்ணிக்கிட்டு வர்றாங்கன்னு. பொட்டைத் துடைச்சிருவோமான்னு பாத்தேன். துடைச்சாலும் சந்தேகம், துடைக்காட்டியும் சந்தேகம். சமூகநலத்துலயும் ஒண்ணு வச்சுட்டு, வரிசையா இருக்கிற பொட்டுகளைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. கேட்டாத்தானே சார் நாம ஒரு பதில் சொல்ல முடியும்? கேக்காம பாக்குறது என்ன பழக்கம்?

அடுத்து எங்க ஆபீஸ். நான் சூப்பிரண்டா இருக்கிற ஆபீஸ். அதுவும் போச்சுன்னா எனக்கு என்ன மரியாதை? நல்லவேளை, சாப்பாட்டு நேரம் வந்துச்சு. வாழையிலை போட்டு, ரெண்டு பாயசம் வச்சு, பாயசத்துக்கு அப்புறம் மோர் சாதம், மோர் சாதத்துக்கு அப்புறம் பீடான்னு இழுக்கச் சொல்லிட்டு, நான் பெயிண்ட் டப்பாவோட உட்கார்ந்தேன். நானே அடிச்சேன் சார், இந்தக் கையால. பொட்டெல்லாம் போச்சு, மஞ்சளும் போச்சு, பலகை பச்சைப் பசேல்னு ஆயிருச்சு. முன்னால ஒரு அட்டை, 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள்'னு.

மேடம் வந்தாங்க. குங்குமம் எடுத்தாங்க. விரல் அப்படியே நின்னுருச்சு. தொட முடியாதுல்ல? கொஞ்ச நேரம் பலகையைப் பாத்தாங்க, என் வேட்டிக் கரையில பச்சைப் பெயிண்ட் இருக்கிறதைப் பாத்தாங்க. புதுசு மேடம், நேத்துதான் வந்துச்சுன்னேன். "பெயிண்ட் வாசனை நல்லா இருக்கு"ன்னுட்டுக் கிளம்பிட்டாங்க. செம்பா வண்டி வந்து நின்னுச்சு. ஈரம்மா, இன்னொரு நாள் வான்னு திருப்பி அனுப்பிட்டேன்.

முடிவு என்னாச்சுன்னு கேளுங்க. ஒரே பலகை அஞ்சு இடத்துல நின்னதை மேடம் அப்படியே அறிக்கையில எழுதிட்டாங்க. அஞ்சு ஆபீஸ்காரங்களும் மாட்டிக்கிட்டாங்க. சாய்தளம் கட்டி முடிக்கிற வரைக்கும் மேடம் வாராவாரம் வந்து பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. அந்தா பாருங்க, தாலுகா ஆபீஸ் வாசல்ல, வழங்கல்ல, உங்க மச்சான் இருக்கிற ஆபீஸ்ல, எல்லாம் சிமெண்ட், எல்லாம் கம்பி. பொதுப்பணித்துறை எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இப்ப செம்பா காலையிலருந்து அந்த அஞ்சு ஆபீசுக்குள்ளயும் வண்டியைச் சுத்திக்கிட்டுப் போய் வருது. எங்க ஆபீஸ் கையெழுத்தை மட்டும் படிக்கட்டுக்குக் கீழ நின்னே வாங்குச்சு. ஜெராக்ஸ் கடை அந்தா, கூட்டத்தைப் பாருங்க.

எங்க ஆபீஸ் மட்டும்தான் சார் தப்பிச்சுது. அதே அறிக்கையில 'சார்கருவூலம், சாய்தளம் உள்ளது'ன்னு இருந்துச்சு. கழுவுற மீன்ல நழுவுற மீன் நான். அந்த எழிலரசி மேடத்துக்கே டிமிக்கி குடுத்த ஒரே ஆள்னு வளாகமே பேசுச்சு. மேடம் மாற்றலாகிப் போனாங்க, நான் பலகையை ஸ்ட்ராங் ரூம் பக்கத்துல ஏத்தி வச்சேன். நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு அதை எனக்காக வெளிய எடுத்துப் போட்டாங்க. மாலையோட அதுல இறங்கி வந்தேன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் இறங்கினேன், பெயிண்ட் போயிரக்கூடாதுல்ல.

இப்ப என் நிலைமையைப் பாருங்க. ஆண்டியப்பன் வந்து, சார் நாலு பேரா நாற்காலியோட தூக்கிட்டுப் போயிருறோம்ங்கிறான். எவ்வளவு காலம் இந்தப் படியில என் முன்னால கை கட்டி நின்னவன் தூக்கி, நான் போறதா? ஆபீஸ் பூரா வேடிக்கை பாக்கும். மானம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அது வேற, இது வேற சார். செம்பாவுது வீம்பு.

சரி, பலகையையாவது எடுத்துப் போடுங்கடான்னா, அதுக்கு ஆய்வு வரணுமாம். ஆய்வு இல்லாம எடுக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன். மணி வேற ஆகுது. மூடிட்டாங்கன்னா இந்த மாசத்தோட நான் செத்தவன்.

அதான் சார், உங்களைப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். வாயே திறக்க வேணாம். சும்மா இப்படி எந்திரிச்சு நின்னு கட்டடத்தை மேலயும் கீழயும் பாருங்க. ஆங், அப்படித்தான். பேனாவை எடுங்க. உள்ளங்கையில எதையாவது எழுதுங்க, உங்க மச்சான் போன் நம்பரையே எழுதுங்க. அந்தப் பூந்தொட்டியை ஒரு தடவை முறைச்சுப் பாருங்க.

ஏ ஆண்டியப்பா, இங்க வா. ஆமாய்யா, யாருன்னு தெரியல. காலையிலருந்து இங்கதான் நிக்கிறாரு. பேரு கேட்டேன், சொல்லல. ம்ம், சீக்கிரம் போ.

பாத்தீங்களா சார் ஓட்டத்தை? இதான் பயிற்சி. திரும்பிப் பாக்காதீங்க, சிரிக்காதீங்க. சத்தம் கேக்குதா, கதவைத் திறந்துட்டாங்க. போலீஸ்காரரே ஒரு பக்கம் பிடிக்கிறாரு. வருது, வருது. என்ன பச்சை பாருங்க, நான் அடிச்ச பெயிண்ட், ஒரு கீறல் இல்ல. பூந்தொட்டி வந்துருச்சு. பிரபாவதி குங்குமத் தட்டோடயே வந்துட்டா. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்.

தள்ளுப்பா ஆண்டியப்பா, நான் ஏறிக்கிறேன். என்ன? என்னய்யா கையைக் குறுக்க போடுற? நான்தான்யா ஏறணும், எனக்குத்தான் நேர்காணல். என்ன சொல்ற நீ?

கேட்டீங்களா சார். "ஆய்வு முடியட்டும் சார், அது வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க"ங்கிறான். ஆய்வு முடிஞ்சா உள்ள போயிரும்ங்கிறான். என்கிட்டயே சொல்றான்.

அந்தா, செம்பா வேற ஜெராக்ஸ் கடையை விட்டு வெளிய வந்து பாக்குது. சார், போயிராதீங்க. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'இந்த ஆளை ஏறிக் காட்டச் சொல்லுங்க', அவ்வளவுதான். கொஞ்சம் கறாராச் சொல்லுங்க சார். கேள்வி கேக்க ஆளில்லாமத்தான் இந்த ஆபீஸ் இப்படிக் கெட்டுப் போச்சு.